எட்வர்டு ஃபிரைஸ்

எட்வர்டு டேவிட் ஃபிரைஸ் (1912 – 2005) ஓர் அமெரிக்க மருத்துவரும் மருத்துவ ஆய்வாளரும் ஆவார். உயர் இரத்த அழுத்தத்தை மருந்துகளால் குறைத்தால் பக்கவாதம், இதயத் திறனிழப்பு ஆகிய சிக்கல்களைத் தடுக்க இயலும் என்பதை மெய்ப்பித்த ஆய்வுகளுக்கு இவர் தலைமை தாங்கினார். அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடத்தப்பட்ட இவ்வாய்வுகளின் முடிவுகள் 1967, 1970 ஆகிய ஆண்டுகளில் வெளியாயின. இப்பணிக்காக 1971 ஆம் ஆண்டில் இவருக்கு மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது வழங்கப்பட்டது.

உயர் இரத்த அழுத்தம் கண்டறியப்பட்டால் அதனைக் குறைக்க வேண்டும் என்பது இன்று பள்ளி மாணவரும் அறிந்த செய்தியாகும். ஆனால் 1960களின் நடுப்பகுதி வரை இது தொடர்பில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இருக்கவில்லை. அழுத்தத்தைக் குறைப்பது நோயாளிக்குத் தீங்கு விளைவிக்கும் என்று கருதியவர்களும் இருந்தனர். ஃபிரைசின் ஆய்வுகளே இவ்விவாதத்தைப் பெருமளவில் முடிவுக்குக் கொண்டுவந்தன.

பொருளடக்கம்
1 இரத்த அழுத்தம்
2 சிகிச்சைக்கு எதிரான கருத்துகள்
3 வாழ்க்கையும் தொடக்கக்கால ஆய்வுகளும்
4 மருந்துகளின் வருகை
5 முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஆய்வு
6 வரம்புகளும் விமர்சனங்களும்
7 தாக்கம்
8 உப்பு பற்றிய கருத்து
9 பின்வந்த ஆய்வுகள்

இரத்த அழுத்தம்

இதயத்திலிருந்து வெளியேறும் இரத்தம் தமனிகளின் சுவர் மீது செலுத்தும் அழுத்தமே இரத்த அழுத்தம் எனப்படும். இது பாதரசக் கம்ப உயரத்தைக் கொண்டு மில்லிமீட்டரில் (மி.மீ.) அளக்கப்படுகிறது. இதயம் சுருங்கும்போது உள்ள உச்ச அழுத்தம் சுருங்கழுத்தம் என்றும், இதயம் விரியும்போது உள்ள குறைந்த அழுத்தம் விரிவழுத்தம் என்றும் கூறப்படும். 120/80 என்று எழுதும்போது முதல் எண் சுருங்கழுத்தத்தையும் இரண்டாம் எண் விரிவழுத்தத்தையும் குறிக்கும்.

அழுத்தம் நெடுங்காலம் மிகுந்திருக்கும்போது இதயத்தின் இடது கீழறை கூடுதலாக உழைத்துத் தடிப்படைகிறது. மூளையிலும் சிறுநீரகத்திலும் விழித்திரையிலும் உள்ள நுண்ணிய தமனிகள் சேதமடைகின்றன. இம்மாற்றங்கள் பல ஆண்டுகளாக எவ்வித அறிகுறியும் இன்றி நிகழக்கூடியவை. பலருக்கு முதல் அறிகுறியே பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ அமைந்துவிடுகிறது.

சிகிச்சைக்கு எதிரான கருத்துகள்

உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் விரைவில் இறக்கிறார்கள் என்பது ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களின் கணக்குகளிலிருந்து 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. எனினும் அழுத்தமே கேட்டிற்குக் காரணமா, அல்லது தமனிகளில் ஏற்கனவே உள்ள நோயின் விளைவாக அழுத்தம் உயர்கிறதா என்பது தெளிவாகவில்லை. தமனிகள் தடித்துக் குறுகிவிட்ட நிலையில், மூளைக்கும் சிறுநீரகத்திற்கும் போதிய இரத்தத்தைச் செலுத்துவதற்காக உடல் தானே அழுத்தத்தை உயர்த்திக்கொள்கிறது என்று பலர் கருதினர். இவ்வாறாயின் அழுத்தத்தைக் குறைப்பது அவ்வுறுப்புகளைப் பட்டினி போடுவதற்கு ஒப்பாகும்.

வேறு காரணம் கண்டறியப்படாத உயர் இரத்த அழுத்தத்திற்கு 1911 ஆம் ஆண்டில் செருமானிய மருத்துவர் எபர்ஹார்ட் ஃபிராங்க் 'எசென்ஷியல்' என்ற அடைமொழியை அளித்தார். 'இன்றியமையாத' என்றும் பொருள்படும் இச்சொல், அழுத்தம் உடலுக்குத் தேவையானதே என்ற எண்ணத்திற்குத் துணை நின்றது. 1931 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகர மருத்துவர் ஜான் ஹே, உயர் அழுத்தம் உள்ளவருக்கு நேரக்கூடிய பெரிய ஆபத்து அது கண்டுபிடிக்கப்படுவதே என்றும், கண்டுபிடித்தால் யாரேனும் ஒருவர் அறியாமையால் அதனைக் குறைக்க முற்படுவார் என்றும் கூறினார். அதே ஆண்டில் புகழ்பெற்ற அமெரிக்க இதயநோய் வல்லுநர் பால் டட்லி வைட், உயர் அழுத்தம் ஓர் ஈடுசெய் இயக்கமாக இருக்கக்கூடும் என்றும், அவ்வாறாயின் அதனைக் கட்டுப்படுத்த முடிந்தாலும் அதில் தலையிடலாகாது என்றும் எழுதினார்.

அக்காலத்தில் சிறந்த மருந்துகளும் இருக்கவில்லை. ஓய்வு, தூக்க மருந்து, உப்புக் குறைப்பு ஆகியவையே பொதுவான சிகிச்சைகளாக இருந்தன. 1940களில் டியூக் பல்கலைக்கழகத்தின் வால்ட்டர் கெம்ப்னர், சோறும் பழங்களும் மட்டும் கொண்ட உப்பற்ற உணவு முறையை அறிமுகம் செய்தார். பரிவு நரம்புகளை வெட்டி நீக்கும் பெரிய அறுவை சிகிச்சையும் நடைமுறையில் இருந்தது.

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூசவெல்ட்டின் நோய் வரலாறு இக்கால மருத்துவத்தின் இயலாமையைக் காட்டும் எடுத்துக்காட்டாகும். 1944 மார்ச்சில் இதயநோய் மருத்துவர் ஹோவர்ட் புரூயன் அவரைச் சோதித்தபோது அழுத்தம் 186/108 ஆகவும், இதயம் பெருத்துத் திறன் குன்றியும் இருந்தது. அவருக்கு ஓய்வும், உப்புக் குறைந்த உணவும், டிஜிட்டாலிஸ் மருந்தும் அளிக்கப்பட்டன. 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ஏற்பட்ட இரத்தக் கசிவால் அவர் இறந்தார். அன்று அவரது சுருங்கழுத்தம் 300 ஐ எட்டியிருந்தது. அப்போது அவருக்கு வயது 63.

வாழ்க்கையும் தொடக்கக்கால ஆய்வுகளும்

ஃபிரைஸ் 1912 ஆம் ஆண்டில் சிகாகோ நகரில் பிறந்தார். அரிசோனா பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டம் பெற்ற பின்னர், நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1940 இல் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பாஸ்டன் நகரில் செஸ்டர் கீஃபர், ராபர்ட் வில்கின்ஸ் ஆகியோரிடம் ஆய்வுப் பணியில் சேர்ந்தார்.

பென்டாகுயின் என்னும் மலேரியா மருந்தை உட்கொண்டவர்களுக்கு எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் வீழ்வது போர்க்காலத்தில் கவனிக்கப்பட்டிருந்தது. பக்கவிளைவாகக் கருதப்பட்ட இத்தன்மையைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி எழுந்தது. ஃபிரைசும் வில்கின்சும் தீவிர உயர் இரத்த அழுத்த நோயாளிகளுக்கு இம்மருந்தை அளித்துப் பார்த்தனர். இந்நிலையில் அழுத்தம் மிகக் கடுமையாக உயர்ந்து, விழித்திரையில் வீக்கமும் இரத்தக் கசிவும் தோன்றும். அன்று இதற்கு ஆளானவர்களுள் பெரும்பாலோர் ஓராண்டுக்குள் இறந்தனர். பென்டாகுயின் பெற்ற ஒருவருக்கு அழுத்தம் குறைந்ததோடு விழித்திரைச் சேதமும் சீரடைந்தது. இவ்வாய்வு 1947 இல் வெளியானது.

பென்டாகுயின் கடும் பக்கவிளைவுகள் உடையது. எனவே அது நீடிக்கவில்லை. ஆயினும் அழுத்தத்தைக் குறைத்தால் சேதமும் மீளக்கூடும் என்னும் குறிப்பு இதிலிருந்து கிடைத்தது. அழுத்தம் வெறும் அடையாளம் அன்று, அதுவே சேதத்தின் காரணம் என்ற கருத்தை நோக்கி ஃபிரைஸ் சென்றது இந்த அனுபவத்தின் பின்னரே ஆகும்.

1949 இல் ஃபிரைஸ் வாஷிங்டனிலுள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனைக்கு மாறினார். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார்.

மருந்துகளின் வருகை

1950களில் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் பல மருந்துகள் அடுத்தடுத்து வந்தன. அவற்றுள் முதன்மையானவை பின்வருமாறு:

* ஹெக்சாமீத்தோனியம் – நரம்பு முடிச்சுகளில் சைகைகளைத் தடுக்கும் மருந்து. அழுத்தத்தை வலுவாகக் குறைத்தாலும், எழுந்து நின்றால் மயக்கம், மலச்சிக்கல், பார்வை மங்கல் போன்ற தொல்லைகளைத் தந்தது.
* ஹைட்ரலசின் – தமனிச் சுவரிலுள்ள தசையைத் தளர்த்தும் மருந்து.
* ரிசர்ப்பின் – சர்ப்பகந்தா செடியின் வேரிலிருந்து பிரிக்கப்பட்ட மருந்து.
* குளோரோதயசைடு – சிறுநீர் வழியாக உப்பையும் நீரையும் வெளியேற்றும் சிறுநீர்ப்பெருக்கி.

இவற்றுள் ரிசர்ப்பின் இந்தியாவோடு தொடர்புடையது. சர்ப்பகந்தா வேர் இந்திய மரபு மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது. அது இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்பதை 1931 இல் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர் எழுதினர். 1949 இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் தமது நோயாளிகளிடம் கண்ட பலன்களை பிரித்தானிய இதய மருத்துவ ஆய்விதழில் வெளியிட்டார். இதனையடுத்து ராபர்ட் வில்கின்ஸ் அதனை அமெரிக்காவில் பரிசோதித்தார். 1952 இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவன ஆய்வாளர்கள் அவ்வேரிலிருந்து ரிசர்ப்பினைத் தனியே பிரித்தெடுத்தனர்.

குளோரோதயசைடு மெர்க் நிறுவனத்தில் கார்ல் பேயரும் அவரது குழுவினரும் உருவாக்கியதாகும். உடலில் நீர் கோத்தவர்களுக்கு மட்டுமன்றி, நீர்க்கோவை இல்லாத உயர் அழுத்த நோயாளிகளுக்கும் இது அழுத்தத்தைக் குறைக்கும் என்பதை ஃபிரைசின் குழுவும் பாஸ்டன் குழுவும் 1957 இல் அறிவித்தன. வாய்வழி உட்கொள்ளத்தக்கதும், நாள்தோறும் பல ஆண்டுகள் தாங்கிக்கொள்ளத்தக்கதுமான மருந்து இதன் மூலம் கிடைத்தது. ஏனைய மருந்துகளுடன் சேர்த்துக் கொடுத்தபோது அவற்றின் ஆற்றலையும் இது கூட்டியது.

முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஆய்வு

பின்னணி

தீவிர நிலையில் உள்ளவர்களுக்குச் சிகிச்சை தேவை என்பதை 1950களின் இறுதியில் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டிருந்தனர். ஆனால் அத்தகையோர் சிலரே. அழுத்தம் மிகுந்திருந்தும் நலமாக நடமாடுவோரே மிகப் பலர். நோவு எதுவும் உணராத ஒருவருக்குப் பக்கவிளைவுகள் உள்ள மருந்துகளை வாழ்நாள் முழுவதும் கொடுக்கலாமா என்பதே எஞ்சிய கேள்வியாகும். அழுத்தம் குறைகிறது என்பது மட்டும் இதற்கு விடையாகாது. காய்ச்சலில் வெப்பநிலையைக் குறைத்தாலும் உள்ளிருக்கும் நோய் தொடரலாம். அதுபோல அழுத்த எண் குறைந்தும் பக்கவாதம் குறையாமல் இருக்கலாம். இங்கிலாந்தில் ஹாமில்டன் குழுவினர் 1964 இல் வெளியிட்ட ஆய்வு சிகிச்சைக்கு ஆதரவாக இருந்தபோதிலும், அது மிகச் சிறியதாகும்.

அமெரிக்க முன்னாள் படைவீரர் நிர்வாகத்தின் மருத்துவமனைகள் நாடெங்கும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இயங்கின. 1940களின் பிற்பகுதியில் காசநோய் மருந்துகளைப் பல மருத்துவமனைகளில் ஒரே திட்டப்படி ஆய்ந்த அனுபவமும் அவற்றுக்கு இருந்தது. இவ்வமைப்பைப் பயன்படுத்தி, நோய்ச் சிக்கல்களையே அளவுகோலாகக் கொண்ட கூட்டாய்வு ஒன்றை ஃபிரைஸ் வகுத்தார். நோயாளிகளைச் சேர்க்கும் பணி 1964 அளவில் நடைபெற்றது.

வடிவமைப்பு

விரிவழுத்தம் 90 முதல் 129 மி.மீ. வரை உள்ள ஆண்கள் இதில் சேர்க்கப்பட்டனர். இவர்கள் முதலில் மருத்துவமனையில் தங்கவைக்கப்பட்டு, மருந்தின்றி ஓய்விலிருக்கும்போது அழுத்தம் அளக்கப்பட்டது. இதனால் பரபரப்பினால் தற்காலிகமாக உயரும் அழுத்தம் விலக்கப்பட்டது.

அடுத்து, ஆய்வைத் தொடங்குமுன் அனைவருக்கும் சில மாதங்கள் மருந்தற்ற மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. இவற்றில் ரைபோஃபிளேவின் என்னும் உயிர்ச்சத்து கலக்கப்பட்டிருந்தது. மாத்திரையை உட்கொண்டவரின் சிறுநீர் புற ஊதா ஒளியில் ஒளிரும். இச்சோதனையாலும், மிஞ்சிய மாத்திரைகளை எண்ணுவதாலும், ஒழுங்காக மருந்து உட்கொள்ளாதவர்கள் கண்டறியப்பட்டு விலக்கப்பட்டனர். இதில் ஏறத்தாழப் பாதிப் பேர் நீக்கப்பட்டனர்.

எஞ்சியவர்கள் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவிற்கு ஹைட்ரோகுளோரோதயசைடு, ரிசர்ப்பின், ஹைட்ரலசின் ஆகிய மூன்றும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. மற்றக் குழுவிற்கு அவற்றைப் போன்றே தோற்றமளிக்கும் மருந்துப்போலிகள் கொடுக்கப்பட்டன. யாருக்கு எது கொடுக்கப்படுகிறது என்பது நோயாளிக்கும் தெரியாது. சிகிச்சை அளிக்கும் மருத்துவருக்கும் தெரியாது.

முதல் முடிவு: 1967

விரிவழுத்தம் 115 முதல் 129 வரை இருந்த 143 பேரில் 73 பேர் மருந்தும் 70 பேர் மருந்துப்போலியும் பெற்றனர். சுமார் ஒன்றரை ஆண்டிலேயே இரு குழுக்களுக்கும் இடையிலான வேறுபாடு வெளிப்படையாகத் தெரிந்தது. மருந்துப்போலி பெற்றவர்களிடையே 27 கடுமையான நிகழ்வுகள் ஏற்பட்டன. மருந்து பெற்றவர்களிடையே 2 மட்டுமே ஏற்பட்டன. அவ்விரண்டில் ஒன்று மூளைத் தமனி அடைப்பு, மற்றது மருந்துகளின் நச்சு விளைவு. மருந்துப்போலிக் குழுவில் நால்வர் இறந்தனர். மருந்துக் குழுவில் எவரும் இறக்கவில்லை.

இந்நிலையில் இவ்வழுத்த எல்லையில் உள்ளவர்களுக்கு மருந்துப்போலியைத் தொடர்வது முறையன்று என்பதால் ஆய்வின் இப்பகுதி நிறுத்தப்பட்டது. முடிவுகள் 1967 டிசம்பரில் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் ஆய்விதழில் வெளியாயின.

இரண்டாம் முடிவு: 1970

விரிவழுத்தம் 90 முதல் 114 வரை இருந்த 380 பேர் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டனர். இவர்களுள் 186 பேர் மருந்தும் 194 பேர் மருந்துப்போலியும் பெற்றனர். சராசரிக் கண்காணிப்புக் காலம் 3.3 ஆண்டுகள். 1970 ஆகஸ்டில் வெளியான முடிவுகளின் சுருக்கம் வருமாறு:

* நோய்ச் சிக்கல்கள் மொத்தம் – மருந்துப்போலி 56, மருந்து 22
* பக்கவாதம் – மருந்துப்போலி 20, மருந்து 5
* இதயத் திறனிழப்பு – மருந்துப்போலி 11, மருந்து 0
* இதயத் தமனி நோய் – மருந்துப்போலி 13, மருந்து 11
* தொடர்புடைய இறப்புகள் – மருந்துப்போலி 19, மருந்து 8

ஐந்தாண்டுக் காலத்தில் ஒருவருக்குச் சிக்கல் ஏற்படும் வாய்ப்பு 55 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்ததாக மதிப்பிடப்பட்டது.

இம்முடிவுகள் பழைய விவாதத்திற்கு நேரடியான விடையாக அமைந்தன. உயர் அழுத்தம் உறுப்புகளைக் காக்கும் ஈடுசெய் இயக்கமாக இருந்திருந்தால், அதனைக் குறைத்தவர்களிடையே பக்கவாதமும் சிறுநீரகக் கேடும் மிகுந்திருக்க வேண்டும். நடந்தது அதற்கு நேர்மாறாகும்.

வரம்புகளும் விமர்சனங்களும்

இவ்வாய்வில் பங்கேற்ற 523 பேரும் ஆண்கள். மருந்தை ஒழுங்காக உட்கொள்வோர் மட்டுமே தேர்ந்தெடுக்கப்பட்டனர். எனவே முடிவுகள் பெண்களுக்கும் பொது மக்களுக்கும் அப்படியே பொருந்துமா என்ற கேள்வி எழுந்தது.

விரிவழுத்தம் 105 முதல் 114 வரை இருந்தவர்களிடையே பயன் தெளிவாக இருந்தது. 90 முதல் 104 வரை இருந்தவர்களிடையே பயன் குறைவாகவும் உறுதியற்றதாகவும் இருந்தது. உயர் அழுத்தம் உள்ளவர்களுள் மிகப் பெரும்பாலோர் இந்த இலேசான எல்லையிலேயே இருப்பதால், இது சிறிய குறை அன்று. மாரடைப்பு உள்ளிட்ட இதயத் தமனி நோயில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை என்பதும் மேலுள்ள எண்களிலிருந்து தெரியும்.

மிகுந்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மருந்துப்போலி கொடுத்தது குறித்தும் அறநெறி சார்ந்த கேள்வி எழுவது இயல்பு. சிகிச்சை நன்மையா தீமையா என்பது அன்று உண்மையாகவே தெரியாதிருந்தது என்பதே இதற்குக் கூறப்படும் விளக்கமாகும். அறிந்துகொண்டவுடன் அப்பகுதி நிறுத்தப்பட்டது. இம்முடிவுகளுக்குப் பின்னர், அந்த அளவு அழுத்தம் உள்ளவர்களுக்கு நெடுங்காலம் மருந்துப்போலி கொடுக்கும் ஆய்வை நடத்துவது ஏற்கத்தக்கதன்று.

தாக்கம்

1971 இல் ஃபிரைசுக்கு லாஸ்கர் விருது வழங்கப்பட்டது. மருத்துவ ஆய்வுக்காகப் பரப்புரை செய்துவந்த மேரி லாஸ்கர், இம்முடிவுகளை மக்களிடம் கொண்டுசெல்லுமாறு அன்றைய அமெரிக்க நலவாழ்வுத் துறைச் செயலர் எலியட் ரிச்சர்ட்சனை வலியுறுத்தினார். இதன் பயனாக 1972 இல் தேசிய உயர் இரத்த அழுத்தக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. அழுத்தத்தை அளந்து பார்க்குமாறு மக்களையும், சிகிச்சை தொடங்குமாறு மருத்துவர்களையும் இத்திட்டம் வலியுறுத்தியது. 1977 இல் இதன் கீழ் முதல் தேசிய சிகிச்சை வழிகாட்டி வெளியானது.

இதன் பின்னர் அமெரிக்காவில் வயது சீர்செய்யப்பட்ட பக்கவாத இறப்பு வீதம் சில பத்தாண்டுகளில் பாதிக்கும் கீழே இறங்கியது. புகைபிடித்தல் குறைந்தமையும் பிற மருத்துவ முன்னேற்றங்களும் இதற்குக் காரணங்களாக இருந்தபோதிலும், இரத்த அழுத்தக் கட்டுப்பாடு முதன்மையான காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

அறிகுறியற்ற நிலையிலேயே ஒரு நோய்க்காரணியைக் கண்டறிந்து, வரக்கூடிய கேட்டைத் தடுப்பது என்னும் மருத்துவ நடைமுறைக்கும் இவ்வாய்வு முன்னோடியாகும். 1948 இல் 5,209 பேருடன் தொடங்கிய பிரேமிங்காம் இதய ஆய்வு, உயர் அழுத்தம் உள்ளவர்களுக்கு இதயநோய் ஏற்படும் வாய்ப்பு மிகுதி என்பதைக் காட்டியது. அவ்வாய்ப்பைச் சிகிச்சையால் குறைக்கலாம் என்பதை ஃபிரைசின் ஆய்வு காட்டியது. இவ்விரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன.

உப்பு பற்றிய கருத்து

மருந்துச் சிகிச்சைக்கு வழிகோலியவராயினும், நோய் வராமல் தடுப்பதே மேல் என்று ஃபிரைஸ் கருதினார். 1976 இல் எழுதிய கட்டுரை ஒன்றில், உணவில் உப்பு மிகக் குறைவாக உள்ள தொல்குடிச் சமூகங்களில் உயர் இரத்த அழுத்தம் அரிதாக இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். உப்பு உடலில் தங்கும்போது உயிரணுக்களுக்கு வெளியேயுள்ள நீர்மத்தின் அளவு மிகுகிறது. இதுவே அழுத்த உயர்வுக்கு வழிவகுக்கிறது என்பது அவரது விளக்கமாகும். சிறுநீர்ப்பெருக்கிகள் பயன் தருவதும் உப்பை வெளியேற்றுவதன் மூலமே என்பது இங்கு கருதத்தக்கது.

பின்வந்த ஆய்வுகள்

ஃபிரைசின் ஆய்வு விட்டுச் சென்ற கேள்விகளுக்குப் பின்னர் வந்த பெரிய ஆய்வுகள் விடையளித்தன.

* 1979: பெண்களும் கறுப்பினத்தவரும் உட்பட 10,940 பேர் பங்கேற்ற அமெரிக்க ஆய்வில், படிப்படியாக மருந்தைக் கூட்டும் முறையான சிகிச்சை பெற்றவர்களின் ஐந்தாண்டு இறப்பு வீதம், வழக்கமான சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்களை விடச் சுமார் 17 விழுக்காடு குறைவாக இருந்தது.
* 1985: பிரித்தானியாவில் இலேசான உயர் அழுத்தம் கொண்ட 17,354 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில் சிகிச்சையினால் பக்கவாதம் குறைந்தது.
* 1991: சுருங்கழுத்தம் மட்டும் உயர்ந்திருந்த 4,736 முதியோரிடம் நடத்தப்பட்ட ஆய்வில் பக்கவாதம் 36 விழுக்காடு குறைந்தது. முதுமையில் சுருங்கழுத்தம் உயர்வது இயல்பே என்ற எண்ணம் இதனால் கைவிடப்பட்டது.
* 2002: 33,000 பேருக்கு மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட ஒப்பீட்டில், தயசைடு வகையைச் சேர்ந்த விலை குறைந்த சிறுநீர்ப்பெருக்கி புதிய மருந்துகளுக்குக் குறைந்ததன்று எனத் தெரிந்தது. தயசைடுகள் பாதுகாப்பற்றவை என்ற கருத்தை முன்னரே மறுத்து எழுதிவந்த ஃபிரைசின் நிலைப்பாட்டிற்கு இது வலுச் சேர்த்தது.
* 2015: 9,361 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், சுருங்கழுத்தத்தை 140 க்குக் கீழ் அன்றி 120 க்குக் கீழ் கொண்டுவர முயன்றபோது இதயக் குருதிக்குழாய் நிகழ்வுகள் 25 விழுக்காடு குறைந்தன.

ஃபிரைஸ் பயன்படுத்திய மூன்று மருந்துகளுள் ஹைட்ரோகுளோரோதயசைடு இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. ஹைட்ரலசின் சில குறிப்பிட்ட நிலைகளில் பயன்படுகிறது. ரிசர்ப்பின் பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது.

ஃபிரைஸ் 2005 ஆம் ஆண்டில் தமது 92 ஆம் வயதில் காலமானார். 2019 ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகில் 30 முதல் 79 வயதுக்குட்பட்டோரில் சுமார் 128 கோடிப் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் தமக்கு அது இருப்பதை அறியாதிருந்தனர். சிகிச்சை பயன் தருமா என்ற கேள்விக்கு 1970 இலேயே விடை கிடைத்துவிட்ட நிலையில், அச்சிகிச்சையை உரியவர்களிடம் கொண்டு சேர்ப்பதே எஞ்சியுள்ள பணியாகும்.